மூச்சுக்குழாயில் ஆயில் வருகிறதா? இன்ஜினை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

பரங்கிப்பேட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். 200 சி.சி. டர்ட் பைக். சக்கரம் முழுக்கச் சேறு. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியிலிருந்து கறுப்பு ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ரிங் போயிடுச்சாம். இன்ஜின எறக்கணும்னு சொல்லிட்டாங்க. இருபது நாள் ஆகுமாம்."

"கடைசியா ஆயில் எப்ப மாத்துன?"

"போன வாரம். நானேதான் மாத்துனேன். ஒரு லிட்டர் டப்பா முழுசா ஊத்துனேன், அப்பவும் கண்ணாடியில ஆயில் கம்மியாத்தான் தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் ஊத்துனேன்."

"வண்டி எப்படி நின்னுச்சு?"

"சைடு ஸ்டாண்டுலதாண்ணே."

வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடி முழுக்க ஆயில்; மேல்கோடு எங்கே என்றே தெரியவில்லை. கூடுதலாக இருந்ததை வடித்தோம், ஏர் ஃபில்டரைக் கழுவினோம், ஹோஸைத் துடைத்து மாட்டினோம். அன்று மாலையே அவன் ஓட்டிக்கொண்டு போனான். ரிங் நன்றாகத்தான் இருந்தது.

இந்த அத்தியாயத்தின் சாரம் அதுதான். பிரீத்தர் ஹோஸில், அதாவது இன்ஜினின் மூச்சுக்குழாயில், ஆயில் வருவது ஒரு அறிகுறி. காய்ச்சல் வந்தவுடன் யாரும் வயிற்றைக் கிழிப்பதில்லை; நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்ட பிறகுதான் மருந்து. இன்ஜினுக்கும் அதே வரிசை. செலவில்லாத சோதனை முதலில், சில்லறைச் செலவு அடுத்து, இன்ஜினை இறக்குவது கடைசியில்.

இன்ஜின் ஏன் மூச்சு விடுகிறது?

ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது அதன் அடியில் இருக்கும் காற்றைத் தள்ளுகிறது, மேலே ஏறும்போது இழுக்கிறது. 200 சி.சி. வண்டி என்றால் ஒவ்வொரு இறக்கத்திலும் 200 மில்லி இடம் சுருங்கும். 6,000 ஆர்.பி.எம்.மில் இது நொடிக்கு 100 முறை நடக்கிறது. நான்கு சிலிண்டர் கார் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் இறங்கும்போது இரண்டு ஏறுவதால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். ஒற்றை சிலிண்டரில் அந்த வசதி இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. புத்தம் புது ரிங் போட்டாலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு ரிங்குகளின் வாய் இடைவெளி வழியாகக் கீழே நழுவும். இதைத்தான் பட்டறையில் 'புளோ-பை' என்கிறோம். இந்த வாயு வெளியேற வழி வேண்டும். அந்த வழிதான் பிரீத்தர். ஆயில் துளிகளைப் பிரித்துத் திரும்பக் கீழே விடுவதற்கு கிராங்க்கேஸிலோ ஹெட் கவரிலோ ஒரு சிறு அறை இருக்கும். அதைத் தாண்டியதும் ஹோஸ் தொடங்கும். மாசு விதிப்படி சாலை வண்டிகளில் ஹோஸ் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். அந்த வாயு மறுபடி எரியும். பந்தயத் தடத்துக்கு மட்டுமான வண்டிகள் பலவற்றில் ஹோஸின் வாய் வெளியே திறந்திருக்கும்.

ஆகவே ஹோஸுக்குள் ஆயில் ஈரம் இருப்பது இயல்பு. விரலில் ஒட்டும் மெல்லிய கறை குற்றமல்ல. சொட்டுவதும், தேங்குவதும், ஃபில்டர் நனைவதும்தான் விசாரிக்க வேண்டியவை.

ஆர்.எக்ஸ்.100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் பெட்ரோல் கலவையே கிராங்க்கேஸ் வழியாகத்தான் போகிறது. அங்கே மூச்சுக்குழாய் கிடையாது. வெளியே தெரியும் பிரீத்தர் கியர்பாக்ஸுடையது. அதில் ஆயில் வந்தால் பெரும்பாலும் கியர் ஆயில் அதிகம் அல்லது வண்டி சாய்ந்து கிடந்திருக்கிறது. ரிங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

முதல் கேள்வி: இது எந்த ஹோஸ்?

டர்ட் பைக்கின் அடியில் நாலைந்து ரப்பர் குழாய் தொங்கும். கார்பரேட்டர் ஓவர்ஃபுளோ, ரேடியேட்டர் ஓவர்ஃபுளோ, ஏர் ஃபில்டர் பெட்டியின் வடிகுழாய், சில வண்டிகளில் பேட்டரிக் குழாய். சொட்டும் முனையிலிருந்து கையால் தடவிக்கொண்டே மேலே போய், குழாய் எங்கே முளைக்கிறது என்று பாருங்கள். கிராங்க்கேஸிலோ ஹெட் கவரிலோ முடிந்தால்தான் அது பிரீத்தர்.

குழாயிலிருந்து அல்லாமல் வேறிடத்தில் ஆயில் கசிந்து, காற்றில் பரவி ஹோஸின் மேல் படிவதும் உண்டு. முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல் இந்த வேலையை நன்றாகச் செய்யும். சந்தேகம் வந்தால் இன்ஜினை மண்ணெண்ணெயோ டீசலோ போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் ஆயில் புறப்பட்ட இடம் கோடு போட்டதுபோல் தெரியும்.

படி 1: அளவு

என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட வழக்கு இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும்.

வண்டியை மூன்று, நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் கீழே இறங்க இரண்டு, மூன்று நிமிடம் பொறுங்கள். சமதரையில் வண்டியை நேராக நிமிர்த்திப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். பார்க்கும் கண்ணாடி வலப்பக்கம் இருந்து, வண்டி இடப்பக்கம் சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால், ஆயிலும் இடப்பக்கம் சாயும். கண்ணாடி பொய் சொல்லும். தம்பிக்கு நடந்தது இதுதான்.

குச்சி வைத்த வண்டியில் வேறொரு பொறி உண்டு. சில கம்பெனிகள் குச்சியைத் திருகாமல் மரையின் மேல் வைத்து மட்டும் பார்க்கச் சொல்கின்றன. சில திருகிப் பார்க்கச் சொல்கின்றன. மாற்றிச் செய்தால் அளவு தப்பும். வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

மூன்றாவது பொறி கையேட்டிலேயே இருக்கிறது. அதில் பெரும்பாலும் இரண்டு அளவு போட்டிருக்கும்: ஆயில் மாற்றும்போது எவ்வளவு, இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கும்போது எவ்வளவு. வடித்தாலும் உள்ளே கொஞ்சம் தங்கிவிடும் என்பதால் முதல் எண் சிறியது. பெரிய எண்ணைப் படித்து ஊற்றியவர்கள் நிறையப் பேர்.

அளவு கூடினால் என்ன ஆகும்? சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை மூச்சோடு சேர்ந்து ஹோஸில் ஏறும். மேல்கோட்டுக்குக் கீழே, இரண்டு கோட்டுக்கும் நடுவே வைத்துக்கொண்டால் போதும்.

ட்ரை சம்ப் இன்ஜின் (ஆயில் தனியிடத்தில் தங்கும் வகை) என்றால் கணக்கு மாறும். சுசூகி டி.ஆர்.-இசட்400-இல் ஆயில் பிரேமுக்குள் தங்கும். திருவொற்றியூரில் செய்த பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் கிராங்க்கேஸ் வார்ப்பிலேயே ஒரு ஆயில் தொட்டி உண்டு. வண்டி பல நாள் நின்றால் தொட்டியின் ஆயில் பம்பைத் தாண்டி மெல்லக் கீழே இறங்கிவிடும். குளிர்ந்த வண்டியில் அளவு பார்த்தால் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால், பிரீத்தர் கொப்பளிக்கும். தாத்தாவின் புல்லட் பொங்கலுக்கு ஒருமுறை கிளம்பும்போது தரையெல்லாம் ஆயில் துப்புவதன் ரகசியம் இதுதான். இந்த வகை வண்டியைச் சூடாக்கிய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும்.

அளவு சரியாக இருக்கிறதா? அப்படியென்றால் இன்னொன்று கேளுங்கள்: வண்டி கீழே விழுந்ததா? மணலில் சாய்ந்து ஐந்து நிமிடம் கிடந்தாலே ஆயில் ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய்விடும். அடுத்த இரண்டு நாளும் அது சொட்டும். பெட்டியின் அடியில் இருக்கும் வடிகுழாயின் மூடியைக் கழற்றி வடித்து, ஃபில்டரைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

படி 2: கண், மூக்கு, விரல்

ஹோஸிலிருந்து வந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் ஒழுகவிடுங்கள். ஆயில் குச்சியிலிருந்தும் ஒரு சொட்டு பக்கத்தில் வையுங்கள்.

பெட்ரோல் நெடி அடித்து, தண்ணீர்போல நீர்த்து, அளவும் தானாகக் கூடியிருந்தால், இன்ஜினுக்குள் பெட்ரோல் இறங்குகிறது. கார்பரேட்டர் வண்டிகளில் ப்ளோட் நீடில் தேய்ந்தாலோ, அதில் தூசி சிக்கினாலோ, இரவு முழுக்கப் பெட்ரோல் காக் திறந்து கிடந்தாலோ இது நடக்கும். அந்த வண்டியைக் கிக்கர் அடிக்காதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைக் காக்காது. கிராங்க்கேஸில் நிற்கும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கவும் கூடும். நீடிலைச் சரிசெய்து, ஆயிலை முழுதாக மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

மோர்போலவோ, பால் கூடிய காபிபோலவோ வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால், இன்ஜின் ஆறியபின் கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் வாட்டர் பம்ப் சீல் அல்லது ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம். காற்றில் குளிரும் இன்ஜினில் கூலன்ட்டே இல்லை. எனவே தண்ணீர் வெளியிலிருந்துதான் வந்தது. மழைவெள்ளத்தில் இறங்கினீர்களா? இல்லையென்றால் உங்கள் ஓட்டம் குறைவு. எரியும் பெட்ரோலிலிருந்தே நீராவி உண்டாகிறது. மார்கழிக் காலையில் அண்ணாமலை நகரிலிருந்து கீழவீதி வரை போய்த் திரும்பினால் இன்ஜின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். அந்த ஆவி வெளியேறாமல் ஹோஸிலும் மூடியின் அடியிலும் வெண்ணெய்போலப் படியும். ஹோஸில் மட்டும் வெண்மை இருந்து, குச்சியில் ஆயில் தெளிவாக இருந்தால் பயமில்லை. ஒரு நாள் அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள்.

கறுத்து, கருகிய வாடையோடு சூடான புகையும் சேர்ந்து வந்தால் எரிந்த வாயு கீழே அதிகம் இறங்குகிறது. ரிங் மேல் சந்தேகம் இப்போதுதான் வருகிறது. அப்போதும் முடிவு கட்டாதீர்கள். அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: ஹோஸும் அதன் வழியும்

ஹோஸைக் கழற்றி ஒரு முனையில் ஊதிப் பாருங்கள். பழைய ஆயில் பிசினாகி உள்ளே அடைத்திருக்கலாம். முனையில் சேறு அடைவதும் சாதாரணம். வாய் அடைபட்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் கூடி, இருப்பதிலேயே பலவீனமான ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சில இன்ஜின்களில் ஒருவழி வால்வு உண்டு. பழைய புல்லட்டில் அது வாத்தின் அலகுபோல இருக்கும் ரப்பர்த் துண்டு. ரப்பர் காய்ந்து வாய் திறந்தே நின்றால் மூச்சு உள்ளேயும் வெளியேயும் அலைந்து ஆயிலை இழுத்து வரும். மலிவான சாமான், மாற்றிவிடலாம்.

ஹோஸ் முதலில் மேலே ஏறி, பிறகு கீழே இறங்க வேண்டும். அந்த ஏற்றத்தில்தான் ஆயில் துளிகள் மூச்சை விட்டுப் பிரிந்து திரும்பக் கீழே வழியும். 'அழகாக இல்லை' என்று ஹோஸை வெட்டிக் குட்டையாக்கினால் அந்த வேலை நின்றுபோகும். டேங்குக்கு அடியில் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 4: பாட்டில் சோதனை

இனி கணக்கு. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ.; சமதரை, ஏற்றம் இல்லை. ஒரே மாதிரி வேகத்தில் ஓட்டிச் சோதிக்க இதைவிட நல்ல சாலை வேண்டாம்.

ஒரு தெளிந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியில் இரண்டு துளை போடுங்கள். ஒன்றில் பிரீத்தர் ஹோஸ் நுழையட்டும். இன்னொன்று காற்று வெளியேற. இரண்டாவது துளையை மறந்தால் நீங்கள் ஹோஸை அடைத்ததற்குச் சமம். சைலென்சருக்கும் பின் சக்கரத்துக்கும் தள்ளி பாட்டிலைக் கட்டுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியில் ஹோஸ் நுழைந்த துளையை ரப்பர் அடைப்பானால் மூடிவிடுங்கள். இல்லையென்றால் அந்த வழியாகத் தூசி இன்ஜினுக்குள் போகும்.

ஆயிலை நடுக்கோட்டில் வையுங்கள். போகும்போது மேல் கியரில் மணிக்கு 50, 60 கி.மீ. வேகம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி, பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போய் ஒரு காபி குடியுங்கள். பாட்டிலில் சேர்ந்ததை 10 மில்லி ஊசிக்குழலால் அளந்து எழுதுங்கள். திரும்பும்போது அதே வேகம், ஒரு கியர் குறைவு, அதாவது ஆர்.பி.எம். அதிகம். கடலூரில் மறுபடி அளவு. வீட்டில் வண்டியை நிமிர்த்திக் குச்சியையும் பாருங்கள்.

இரண்டு முறையும் பாட்டில் வெறும் ஈரமாக இருந்தால் பழைய தொல்லை ஆயில் அளவாலோ, வண்டி சாய்ந்ததாலோ வந்தது. வழக்கு முடிந்தது. திரும்பும்போது மட்டும் சேர்ந்தால் அதிக ஆர்.பி.எம்.மில் ஆயில் பிரிக்கும் அறையால் சமாளிக்க முடியவில்லை. காட்டுப் பாதைக்காகப் பின்னால் பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டுவிட்டு நெடுஞ்சாலையில் பறப்பவர்களுக்கு இது வரும். வேகத்தைக் குறையுங்கள், அல்லது ஸ்ப்ராக்கெட்டை மாற்றுங்கள். இரண்டு முறையும் ஆயில் தேங்கினால் புளோ-பை உறுதியாகிக்கொண்டு வருகிறது. பாட்டிலில் ஆயில் சேர்ந்தும் குச்சியில் அளவு ஏறியிருந்தால் பெட்ரோலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது. பாட்டிலில் சேர்ந்ததைவிடக் குச்சியில் நிறைய குறைந்து, வேறெங்கும் கசிவும் இல்லையென்றால், மீதி சைலென்சர் வழியாகப் புகைந்துபோகிறது. வால்வு சீலையும் சேர்த்துப் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் ஹோஸைப் பழைய இடத்திலேயே மாட்டுங்கள்.

படி 5: கம்ப்ரஷனும் லீக்-டவுனும்

இது பட்டறை வேலை. ஸ்பார்க் பிளக் துளையில் கேஜ் வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து, பலமுறை கிக்கர் அடித்து அளவெடுப்பார்கள். குறைவாக வந்தால் அதே துளையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். ஒரு எச்சரிக்கை: எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காகச் சில இன்ஜின்களில் தானியங்கி டீகம்ப்ரஸர் உண்டு. அதில் நல்ல இன்ஜினும் குறைவாகவே காட்டும்.

அதனால் லீக்-டவுன் சோதனை மேல். பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றி, எவ்வளவு கசிகிறது என்று கேஜில் பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் நல்லது, 20-ஐத் தாண்டினால் கவனி என்பது பட்டறைக் கைக்கணக்கு. கேஜைவிட உங்கள் காது முக்கியம். ஆயில் ஊற்றும் துளையில் 'உஸ்' என்று கேட்டால் ரிங். சைலென்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்பரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். காற்று ஏற்றும்போது கிராங்க் சட்டென்று சுற்றக்கூடும். வண்டியை கியரில் போட்டுப் பின் பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும்.

ரிங்தான் என்றால்

இப்போது இன்ஜினை இறக்கலாம். ஆனால் ரிங் ஏன் தேய்ந்தது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் புது ரிங் போடாதீர்கள். பண்ருட்டி முந்திரித் தோப்பிலும் கேப்பர் மலைச் செம்மண்ணிலும் ஓட்டுகிறவர்களுக்கு விடை பெரும்பாலும் ஏர் ஃபில்டரில் இருக்கும். நுண்மணல் போரை உரசித் தின்னும். ஃபோம் ஃபில்டர் கிழிந்திருக்கிறதா, அதற்குரிய ஆயில் தடவினீர்களா, விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டருக்கு அந்தப்பக்கம், கார்பரேட்டர் வாயில் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் மண் ஒட்டினால் குற்றவாளி பிடிபட்டான்.

புது ரிங் போடும்போது அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். குறியிட்ட பக்கம் மேலே வர வேண்டும். மூன்று ரிங்கின் வாயும் ஒரே நேர்கோட்டில் நிற்கக் கூடாது. போரில் பூச்சு உள்ள பிளாக்கை ஊர் லேத்தில் சாதாரண ரீபோர் செய்ய முடியாது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளக் காலத்துக்கு ஒரு குறிப்பு

கெடிலம், பெண்ணை, பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஆறுகள் கடலைத் தேடி வரும் மாவட்டம் கடலூர். 2015 மழைவெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூடான இன்ஜின் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ஹோஸின் வாய் தண்ணீருக்குள் இருந்தால், இளநீரை உறிஞ்சுவதுபோல் அது தண்ணீரை உறிஞ்சிவிடும். வாய் திறந்த ஹோஸ் உள்ளவர்கள் டேங்குக்கு அடியில் ஒரு மூன்றுவழி இணைப்பு போட்டு, ஒரு கிளையை உயரத்திலேயே விடுங்கள். வண்டி மூழ்கியிருந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

செய்யக்கூடாதவை

ஹோஸின் வாயில் துணி திணிப்பது, போல்ட் வைத்து முறுக்குவது, மடித்துக் கட்டுவது. மூன்றையும் பார்த்திருக்கிறேன். மூன்றும் அடுத்த வாரமே ஆயில் சீல் செலவாகத் திரும்பி வந்தன. ஆயில் சொட்டும் வண்டியைப் பின் டயர் நனைந்த நிலையில் ஓட்டுவதும் வேண்டாம். வளைவில் உயிர் போகும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால் அது உப்பனாற்றுக்கும் வயலுக்கும்தான் போகும். டப்பாவில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். சோதனை ஓட்டத்துக்குக் கடற்கரை மணலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; தை, மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் இடம் அது.

யாராவது "ரிங் போச்சு" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். வண்டியை நிமிர்த்தி அளவு பார்த்தீர்களா? ஆயிலை முகர்ந்தீர்களா? லீக்-டவுன் எவ்வளவு? மூன்றுக்கும் பதில் வராத பட்டறையில் இன்ஜினை இறக்க விடாதீர்கள்.